ப்ளூபெர்ரி இலை மஞ்சளாவது: தண்ணீரைக் கவனியுங்கள்

வணக்கம். சென்னை தண்டையார்பேட்டை மொட்டைமாடித் தொட்டியில் ப்ளூபெர்ரி இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது, மண்ணின் பிஎச் (புளிப்பை அளக்கும் எண், அது குறையக் குறையப் புளிப்பு கூடும்) 7.8, வாரம் ஒருமுறை வினிகர் ஊற்றியும் இறங்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். வினிகரை இன்றே நிறுத்திவிடுங்கள். அதன் புளிப்பு மண்ணில் நிலைக்காது, வேர்தான் வாடும்.

அந்த மஞ்சள் பெரும்பாலும் இரும்புச் சத்துக் குறைவுதான். மண்ணில் இரும்பு இருந்தாலும், பிஎச் ஏறிவிட்டால் வேரால் எடுக்க முடியாது. இந்தச் செடிக்கு 4.5 முதல் 5.5 வரை வேண்டும்.

தொட்டி விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். வெள்ளைப் பொருக்கு ஒட்டுகிறதா? போர் தண்ணீர் விட்டுப்போன உப்பும் சுண்ணாம்பும் அது. திருவொற்றியூரில் எனக்கும் இதே கதைதான். நான் போட்ட கந்தகம் இறக்கிய பிஎச்சையெல்லாம் அந்தத் தண்ணீர் திரும்ப ஏற்றிவிட்டது. மழைநீரைப் பிடித்து வையுங்கள். அது தீர்ந்தால், மளிகைக் கடை எலுமிச்சை உப்பை (சிட்ரிக் அமிலம்) அந்தப் போர் தண்ணீரில் சிட்டிகை சிட்டிகையாகக் கரைத்து, பிஎச் தாளில் 5க்கும் 5.5க்கும் இடையில் வந்ததும் ஊற்றுங்கள்.

மண்ணையும் மாற்றிவிடுங்கள். நன்றாகக் கழுவிய கோகோபீட் (தென்னை நார்த் தூள்), கிடைத்தால் பீட் மாஸ் (மட்கிய பாசி), கொஞ்சம் கந்தகத் தூள். கந்தகத்தை அமிலமாக்குவது பாக்டீரியா என்பதால் மாதக்கணக்கில் ஆகும், அவசரப்பட்டு மேலும் மேலும் போடாதீர்கள். முட்டை ஓடும் சாம்பலும் கூடவே கூடாது, பிஎச்சை ஏற்றிவிடும். உரத்துக்கு அமோனியம் சல்பேட், அதுவும் துளிதான்.

அப்புறம், என்ன ரகம் என்று சொல்லவில்லையே? ப்ளூபெர்ரிக்கான குளிரைக் கணக்கிடும் 7 டிகிரிக்குக் கீழே நம் ஊர்க் குளிர் போவதே இல்லை. நீண்ட குளிர் கேட்கும் ரகமாக இருந்தால் பிஎச் சரியானாலும் காய்ப்பது கடினம். நர்சரிச் சீட்டைப் பார்த்து எழுதுங்கள்.