கையுறை நாற்றம்: ரைடர்களின் கேள்விகளும் பதில்களும்

பைக் ஓட்டுபவர்கள் அனுப்பும் கேள்விகளில் டயர், செயின், பிரேக் சமாச்சாரங்களுக்கு அடுத்தபடியாக வந்துகொண்டே இருப்பது கையுறை வாடை பற்றியதுதான். பலர் கூச்சப்பட்டுக்கொண்டே கேட்கிறார்கள். கை வியர்க்காத மனிதர் கிடையாது, கூச்சமே வேண்டாம். சேர்ந்திருந்த கேள்விகளை இந்த முறை மொத்தமாக எடுத்துக்கொண்டேன்.

கையுறைக்குள் டியோடரன்ட் அடித்தால் ஒரு நாள் மணக்கிறது. மறுநாள் இரண்டும் கலந்து முன்பைவிட மோசமாக நாறுகிறது. உள்ளே என்னதான் நடக்கிறது?

வியர்வைக்கு என்று பெரிய வாடை கிடையாது. அதில் சுமார் 99 சதவீதம் தண்ணீர். மிச்சம் உப்பு, யூரியா, லாக்டிக் அமிலம், கொஞ்சம் அமினோ அமிலங்கள். நாற்றத்தை உண்டாக்குவது நம் தோலில் எப்போதும் குடியிருக்கும் பாக்டீரியாக்கள். வியர்வையில் இருப்பதையும் உதிர்ந்த தோல் செல்களையும் அவை தின்று, ஆவியாகும் அமிலங்களை வெளியேற்றுகின்றன. அவற்றில் முக்கியமானது ஐசோவேலரிக் அமிலம். ஷூவைக் கழற்றியதும் மூக்கைத் துளைக்கிறதே, அதற்கும் இதுவே காரணம். உடம்பிலேயே வியர்வைச் சுரப்பிகள் மிக நெருக்கமாக இருப்பது உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும்தான். அதனால் கையுறையும் ஷூவும் ஒரே மாதிரி நாறுகின்றன.

இதோடு லைனிங்கும் சேர்ந்துகொள்கிறது. பெரும்பாலான கையுறைகளின் உள்துணி பாலியஸ்டர். அது தண்ணீரை அதிகம் உறிஞ்சாது, ஆனால் எண்ணெய்ப் பசையை விடாமல் பிடித்துக்கொள்ளும். வாடை தரும் பொருள்கள் அந்தப் பசையோடு ஒட்டிக்கொள்கின்றன. டியோடரன்ட் அடிப்பதால் அந்த அழுக்கில் எதுவும் வெளியே போவதில்லை, மேலே இன்னொரு படலம் சேர்வதுதான் மிச்சம்.

பாக்டீரியா பெருக உணவு, வெதுவெதுப்பு, ஈரம் மூன்றும் வேண்டும். கையை உள்ளே விட்டால் முதல் இரண்டும் வந்துவிடும், அதை நம்மால் தடுக்க முடியாது. ஈரத்தைத் தடுக்க முடியும். கீழே வரும் பதில்களில் நான் திரும்பத் திரும்ப உலர்த்துவதைப் பற்றியே பேசுவதற்குக் காரணம் இதுதான்.

முழுத் தோல் கையுறை வைத்திருக்கிறேன். தோலில் தண்ணீரே படக்கூடாது என்கிறார்கள். ஆனால் வாடை தாங்க முடியவில்லை. துவைக்கலாமா?

தண்ணீர் பட்டதால் மட்டும் தோல் கெட்டுவிடாது. மழையில் நனைந்த கையுறைகள் எத்தனையோ நன்றாகத்தான் இருக்கின்றன. தோலைக் கெடுப்பது தவறான சோப்பும், அவசரப்பட்டு வெப்பத்தில் காய வைப்பதும்தான். பதனிட்ட தோல் சற்றே அமிலத் தன்மை உடையது. துணி துவைக்கும் பவுடர்கள் காரத் தன்மை உடையவை. அந்தக் காரம், தோலை மிருதுவாக வைத்திருக்கும் எண்ணெய்களை உருவிவிடும். பிறகு தோல் விறைத்து வெடிக்கும்.

முதலில் உள்ளே இருக்கும் லேபிளைப் படியுங்கள். ‘துவைக்கக் கூடாது’ என்று போட்டிருந்தால் அதை மதியுங்கள். அப்படிப்பட்ட கையுறைக்கு, ஈரத்துணியால் உள்புறத்தை எட்டும் வரை துடைத்து உலர்த்துவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மென்பரப்புத் தோல், அதாவது ஸ்வேட், நுபக் வகைகள் என்றாலும் அப்படித்தான்.

துவைக்கலாம் என்றால், கையுறையை மாட்டிக்கொண்டே துவைப்பதுதான் நல்ல வழி. கிட்டத்தட்ட 30 டிகிரி, அதாவது கைக்குச் சூடே தெரியாத தண்ணீர். தோலுக்கென்றே விற்கும் சோப்பு, அது இல்லாவிட்டால் காரமில்லாத மென்மையான ஷாம்பு சில துளிகள். வெளிப்புறத்தை நாம் கை கழுவுவதுபோல் தேய்த்துவிட்டு, கழற்றி, உள்ளே சோப்புத் தண்ணீர் ஊற்றி, மேலிருந்து விரல் நுனிவரை அமுக்கி அமுக்கி விடுங்கள். அழுக்கு பழுப்பாக இறங்கும். பார்த்துப் பயப்பட வேண்டாம், பாதி வியர்வை, பாதி சாயம். நீண்ட நேரம் ஊற வைக்காதீர்கள்.

அப்புறம் அலசுவது. இதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். கையுறை விரல்களுக்குள் தங்கிய சோப்பு காய்ந்தபின் உங்கள் கையில் அரிப்பைத் தரும், அடுத்த வியர்வையில் பிசுபிசுக்கவும் செய்யும். உள்ளிருந்து வரும் தண்ணீரில் நுரையே இல்லாமல் போகும்வரை அலசுங்கள். முறுக்கிப் பிழியக் கூடாது. தையலும் கணு மேல் இருக்கும் பாதுகாப்பு ஓடும் கோணிக்கொள்ளும். உலர்ந்த துண்டில் சுருட்டி அழுத்தினால் போதும்.

காய வைக்கும்போது வெயில், ஹீட்டர், சூடான ஹேர் டிரையர் மூன்றும் வேண்டாம். ஈரத்தோல் சூட்டில் சுருங்கிவிடும், அதைப் பழைய அளவுக்குக் கொண்டுவர முடியாது. நிழலில், ஃபேன் காற்று உள்ளே போகும்படி வாயைத் திறந்து வைத்து உலர்த்துங்கள். ஓரிரு நாள் ஆகலாம். பாதி காய்ந்ததும் ஒருமுறை மாட்டி விரல்களை மடக்கி நீட்டினால் உங்கள் கை வடிவத்துக்கு வந்துவிடும். முழுதாகக் காய்ந்தபின் தோல் கண்டிஷனரை மெல்லியதாகத் தடவுங்கள். உள்ளங்கைப் பக்கம் தடவியதை நன்றாகத் துடைத்து எடுத்துவிடுங்கள். அங்கே வழுக்கினால் த்ராட்டிலும் பிரேக் லீவரும் பிடி நழுவும்.

மெஷ் கையுறையை வாஷிங் மெஷினில் போடலாமா? வாட்டர்ப்ரூஃப் கையுறைக்கும் அதே முறைதானா?

மெஷ், அதாவது வலைத்துணிக் கையுறைக்கு லேபிள் அனுமதித்தால் போடலாம். வெல்க்ரோவை ஒட்டிவிட்டு, வலைப்பைக்குள் போட்டு, குளிர்ந்த தண்ணீரில், மெதுவான சுழற்சியில். டிரையர் வேண்டாம். உள்ளங்கையில் தோல் ஒட்டு இருந்தால் அதையும் தோல் கையுறையாகவே நினைத்துக் கையால் துவையுங்கள்.

வாட்டர்ப்ரூஃப் கையுறை கொஞ்சம் சிக்கலானது. வெளித்துணிக்கும் லைனிங்குக்கும் நடுவே ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. வெளியே இருந்து தண்ணீரை விடாத அந்தப் படலம், உள்ளே ஊற்றிய தண்ணீரையும் வெளியே விடாது. எனவே விரல் நுனியில் தேங்கும் தண்ணீரை வாய்ப்பக்கமாகவே கவிழ்த்து வடிக்க வேண்டும், உலரவும் இரட்டிப்பு நேரம் பிடிக்கும். துணி மென்மையாக்கும் கண்டிஷனரை இதில் சேர்க்கவே கூடாது. வெளித்துணியின் மேல் இருக்கும் நீர்விலக்கும் பூச்சை அது கெடுத்துவிடும், ஆவியை வெளியே விடும் தன்மையும் குறையும்.

ஈரக் கையோடு கையுறையைச் சர்ரென்று உருவினால் லைனிங் விரல் விரலாக வெளியே வந்துவிடும். ஒவ்வொரு விரல் நுனியையும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக் கழற்றுங்கள். வந்துவிட்டால் மழுங்கிய குச்சியால் மெதுவாக உள்ளே தள்ளலாம்.

வினிகரும் பேக்கிங் சோடாவும் கலந்து ஊற்றினால் நுரைத்துக்கொண்டு அழுக்கையெல்லாம் எடுத்துவிடும் என்கிறார்களே?

நுரைக்கும், அவ்வளவுதான். ஒன்று அமிலம், மற்றது காரம். இரண்டும் ஒன்றையொன்று சமன்செய்து தண்ணீரும் ஒரு உப்பும்தான் மிஞ்சும். நுரையாக வருவது கார்பன் டை ஆக்சைடு. தனித்தனியாக இரண்டும் பயனுள்ளவை.

வாடை தரும் அமிலங்களைப் பேக்கிங் சோடா உப்பாக மாற்றிவிடுகிறது. உப்பு ஆவியாகாது, ஆகவே மூக்குக்கு எட்டாது. உலர்ந்த துணிக் கையுறைக்குள் ஒரு தேக்கரண்டி போட்டுக் குலுக்கி, இரவு வைத்துவிட்டு, மறுநாள் முழுதாகத் தட்டி எடுத்துவிடுங்கள். தோல் லைனிங்குக்கு இது ஒத்துவராது, காரம். அங்கே வினிகர் பொருத்தம்: சாதாரண வெள்ளை வினிகர் ஒரு பங்குக்குத் தண்ணீர் இரண்டு பங்கு சேர்த்து, துணியில் நனைத்து உள்ளே துடைத்து உலர்த்துங்கள். சாயம் போகிறதா என்று கண்ணுக்குத் தெரியாத மூலையில் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். காய்ந்ததும் வினிகர் வாடை போய்விடும்.

இதோடு ஒரு எச்சரிக்கை. பிளீச் கிட்டவே வரக்கூடாது. தோல், நைலான், கெவ்லார் போன்ற அராமிட் இழை எல்லாவற்றின் பலத்தையும் அது தின்றுவிடும். வினிகரோடு பிளீச் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், அது நச்சு.

ஃப்ரீசரில் ஒரு இரவு வைத்தால் கிருமி செத்துவிடுமா?

சாகாது. பெரும்பாலானவை செயலற்று உறங்கும், கை வெப்பம் பட்டதும் விழித்துக்கொள்ளும். குளிரில் அமிலங்கள் ஆவியாவது குறைவதால் எடுத்தவுடன் வாடை இல்லாததுபோல் தோன்றும்.

அண்ணா, என்னிடம் ஒரே ஒரு ஜோடிதான் இருக்கிறது. காலை, மாலை இரண்டு வேளையும் ஓட்டுகிறேன். துவைத்துக் காய வைக்க நேரமே இல்லை. என்ன செய்வது?

தம்பி, துவைப்பதைவிட நீங்கள் வண்டியை நிறுத்தியபின் கையுறையை எங்கே வைக்கிறீர்கள் என்பதுதான் முதலில் கேட்க வேண்டியது. பெரும்பாலானவர்கள் இரண்டையும் சேர்த்துச் சுருட்டி ஹெல்மெட்டுக்குள் திணிக்கிறார்கள். கையுறை காயாது, கூடவே ஹெல்மெட் லைனிங்கும் நாற ஆரம்பிக்கும். சீட்டுக்கு அடியில் இருக்கும் பெட்டி இன்னும் மோசம். மூடிய இடம், எஞ்சின் சூடு, காற்று கிடையாது. சூடான எஞ்சின் மேலோ சைலன்சர் மேலோ காய வைப்பது தோலைப் பொசுக்கும் வேலை.

போய்ச் சேர்ந்ததும் வெல்க்ரோவைத் திறந்து, மணிக்கட்டுப் பகுதியை விரித்து, காற்றோட்டமான இடத்தில் இரண்டையும் தனித்தனியாக வையுங்கள். வீட்டில் விரல்கள் மேல்நோக்கி இருக்கும்படி இரண்டு பாட்டில்களில் மாட்டி, எதிரே ஃபேனைப் போடுங்கள். பாட்டில் உள்ளே காற்று போவதை அடைக்காத அளவுக்கு ஒல்லியாக இருக்கட்டும். ஈரம் அதிகமானால் செய்தித்தாளைக் கசக்கி உள்ளே வைத்து, நனைந்ததும் மாற்றுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் மிச்ச ஈரத்துக்கு நல்லவை, சொட்டச் சொட்ட நனைந்த கையுறைக்குப் போதாது. ஹேர் டிரையரில் குளிர்ந்த காற்று வரும் வசதி இருந்தால் அதையும் பயன்படுத்தலாம்.

இதோடு மெல்லிய உள் கையுறை ஒன்று வாங்கிப் பாருங்கள். அது வியர்வையை வாங்கிக்கொள்ளும், தினமும் அலசிவிடலாம், சீக்கிரம் காயும். மெரினோ கம்பளியில் வாடை தங்குவது குறைவு. ஆனால் ஏற்கெனவே இறுக்கமான கையுறைக்குள் இதைப் போட்டு விரல் மரத்துப் போகும்படி ஓட்டாதீர்கள். போட்டுக்கொண்டு கிளட்ச், பிரேக், இண்டிகேட்டர் சுவிட்ச் எல்லாம் தடையில்லாமல் வருகிறதா பாருங்கள். முடிகிறபோது இரண்டாவது ஜோடி வாங்கி மாற்றி மாற்றிப் போடுவதுதான் நிரந்தரத் தீர்வு.

கை கழுவிய ஈரத்தோடும், க்ரீம் தடவிய கையோடும், சானிடைசர் காயும் முன்பும் மாட்டாதீர்கள். டால்கம் பவுடரும் வேண்டாம், வியர்வையில் குழைந்து விரல் நுனியில் கட்டியாகிவிடும்.

சில மாதம் அலமாரியில் கிடந்த கையுறையில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. துடைத்துவிட்டுப் போடலாமா?

பூஞ்சை அது. வீட்டுக்கு வெளியே, மூக்கை மூடிக்கொண்டு பிரஷால் தட்டுங்கள், உள்ளே தட்டினால் வித்துகள் பரவும். தோலின் வெளிப்புறத்தில் மட்டும் என்றால் மேலே சொன்ன வினிகர் தண்ணீரால் துடைத்து, நன்றாக உலர்த்தி, கண்டிஷனர் போட்டுப் பயன்படுத்தலாம். லைனிங்குக்குள் கறுப்புப் புள்ளிகள் பரவியிருந்தால் மாற்றிவிடுவதே நல்லது. இனி பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதீர்கள். காற்று போகும் துணிப்பை போதும்.

என் கணவரின் கையுறையை எத்தனை முறை துவைத்தாலும் சில நாளில் பழையபடி ஆகிவிடுகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே அவருக்கு உள்ளங்கை சொட்டச் சொட்ட வியர்க்கும்.

அப்படியென்றால் கையுறையை மட்டும் பார்த்துப் பயனில்லை. வெப்பமும் உழைப்பும் இல்லாமலே உள்ளங்கை அப்படி வியர்ப்பதை மருத்துவத்தில் ஹைப்பர்ஹைட்ரோசிஸ் என்பார்கள். அது அவருடைய சுத்தக் குறைவு அல்ல, சிகிச்சையும் இருக்கிறது. அலுமினியம் குளோரைடு கலந்த மருந்தை இரவில் உலர்ந்த கையில் பூசுவது முதல், தண்ணீரில் கையை வைத்து மெல்லிய மின்னோட்டம் செலுத்தும் அயன்டோஃபோரெசிஸ் வரை பல வழிகள் உண்டு. எது பொருந்தும் என்பதைத் தோல் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். தயவுசெய்து ஒருமுறை அழைத்துப் போங்கள். தோல் உரிதல், அரிப்பு, சின்னச் சின்னக் குழிகள் இருந்தால் அதையும் காட்டுங்கள். பூஞ்சைத் தொற்று சில நேரம் ஒரு கையில் மட்டும் வரும், அதனால் இன்னொரு கை நன்றாக இருக்கிறதே என்று விட்டுவிட வேண்டாம். சரியாகும்வரை அந்தக் கையுறையை வேறு யாரும் மாட்ட வேண்டாம்.

பெட்ரோல் சிந்திவிட்டது. வாடை போக மாட்டேன் என்கிறது.

திறந்தவெளியில், நெருப்பு, ஹீட்டர், டிரையர் எதுவும் பக்கத்தில் இல்லாத இடத்தில் தொங்கவிடுங்கள். பெரும்பகுதி தானாக ஆவியாகிவிடும். முழுதாக ஆவியாகும்வரை மெஷினில் போடக் கூடாது, தீப்பிடிக்கும் ஆபத்து நிஜமானது. மிச்சம் இருப்பதைத் துணிக் கையுறையில் பாத்திரம் கழுவும் திரவத்தால் கையால் கழுவலாம்.

பேட்டரி வைத்துச் சூடாக்கும் கையுறையைக் கழுவலாமா?

பேட்டரியைக் கழற்றிவிட்டு, லேபிளில் சொன்னதை மட்டும் செய்யுங்கள். பலவற்றில் துடைக்க மட்டுமே அனுமதி. அதற்குள் உள் கையுறை போட்டு ஓட்டுவதுதான் புத்திசாலித்தனம்.

நாலைந்து வருடமாகப் போடும் கையுறை. வாடையைப் போக்கியாயிற்று. இன்னும் நம்பிப் போடலாமா?

இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு நன்றி, நிறையப் பேர் கேட்பதே இல்லை. வருடக் கணக்காக ஊறிய வியர்வையும் உப்பும் தோலையும் தையல் நூலையும் மெல்ல அரிக்கின்றன. பைக் கையுறைக்கான ஐரோப்பியத் தரநிலை இஎன் 13594. தையல் பலம், கிழிசல், உராய்வு, விழும்போது கையிலிருந்து கழன்று வராமல் இருப்பது எல்லாம் அதில் சோதிக்கப்படுகின்றன. வீட்டில் அந்தச் சோதனை முடியாது, ஆனால் பார்க்க வேண்டிய இடங்கள் அவைதாம். விரல்களுக்கு நடுவிலும் உள்ளங்கை ஓரத்திலும் தையலை இரு பக்கமும் இழுத்துப் பாருங்கள். நூல் பளிச்சென்று தெரிந்தாலோ ஓட்டை விரிந்தாலோ அது போய்விட்டது. தோலை மடக்கினால் வெடிப்பு தெரிகிறதா, உள்ளங்கை காகிதம்போல் மெலிந்திருக்கிறதா பாருங்கள். மணிக்கட்டுப் பட்டையை இறுக்கிக்கொண்டு, இன்னொருவரை விரல் நுனியைப் பிடித்து இழுக்கச் சொல்லுங்கள். கழன்று வந்தால் விபத்திலும் வரும்.

இதில் ஏதாவது ஒன்று தேறவில்லை என்றாலும் மாற்றிவிடுங்கள். கிட்டத்தில் போய்வர மட்டும் என்று எடுத்து வைக்க வேண்டாம், கையைத் தார்ச்சாலையில் ஊன்றுவதற்குத் தூரம் ஒரு பொருட்டல்ல. எறியும்போது விரல்களை வெட்டிவிட்டு எறியுங்கள், வேறு யாரும் எடுத்து மாட்டிக்கொண்டு ஓட்டாமல் இருக்கட்டும்.