எடை குறைகிறது, பல் கூசுகிறது

இருபது வருஷத்துக்கு மேலாகக் கும்பகோணத்தில் பல் மருத்துவம் பார்க்கிறேன். நடைப்பயிற்சி, டயட் என்று உடம்பைக் கவனிக்க ஆரம்பித்தவர்கள் கேட்டவற்றுக்கு மட்டும் இந்த முறை பதில்.

கே: விடிகாலையில் மகாமகக் குளத்தைச் சுற்றி நடக்கிறேன். வந்ததும் வெந்நீரில் எலுமிச்சை பிழிந்து, தேன் விட்டு, பேப்பர் படித்தபடி குடிப்பேன். ஆறு மாதத்தில் ஐந்து கிலோ குறைந்தது. ஆனால் இப்போது காபி பட்டாலும் பல் கூசுகிறது. எலுமிச்சைதான் காரணமா டாக்டர்?

பெரும்பாலும் அதுதான். புளிப்பை அளக்கும் எண் பி.எச்.; எண் குறையக் குறைய அமிலம் அதிகம். வாயில் அது சுமார் 5.5-க்குக் கீழே இறங்கினால் பல்லின் மேல் உறையான எனாமல் கரைய ஆரம்பிக்கும். எலுமிச்சைச் சாறு 2-லிருந்து 3-க்குள். ஒரு டம்ளர் தண்ணீர் சேர்ப்பதால் அந்தப் புளிப்பு போய்விடாது. அந்த அமிலத்தைச் சமன் செய்வது எச்சில். நீங்களோ வேர்த்து விறுவிறுத்து, வாய் வறண்டு வந்து உட்கார்ந்து, பேப்பர் முடியும்வரை ஒவ்வொரு வாயாகக் குடிக்கிறீர்கள். எச்சில் பாவம், என்ன செய்யும்?

உங்களைப் போலவே ஒருவர் வந்தார். கண்ணாடியைக் கையில் கொடுத்துக் காட்டினேன். முன்பல்லின் நுனி ஒளி ஊடுருவுகிற அளவுக்கு மெலிந்திருந்தது. கடைவாயில் பழைய வெள்ளி அடைப்பு மட்டும் மேடாக நின்றது. "அடைச்சது வெளியே வந்துடுச்சா?" என்றார். இல்லை, சுற்றியிருந்த பல் கரைந்துவிட்டது. ஆற்றில் தண்ணீர் வடிந்தால் படித்துறைக் கல் தெரியுமே, அப்படி. போன எனாமல் திரும்ப வளராது.

எலுமிச்சை வேண்டுமென்றால் சாப்பாட்டோடு, ஒரே மூச்சில் குடியுங்கள். உடனே வெறும் தண்ணீரில் வாய் கொப்பளியுங்கள். அதன்பின் அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குப் பல் துலக்க வேண்டாம். இளகியிருக்கும் எனாமலைப் பிரஷ் தேய்த்துவிடும். எலுமிச்சை கொழுப்பைக் கரைக்கும் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. உங்கள் எடையைக் குறைத்தது நடைதான். கூச்சத்தை ஒருமுறை நேரில் காட்டிவிடுங்கள், சொத்தையாகவும் இருக்கலாம்.

கே: சீனியை விட்டுவிட்டோம். காபிக்குக் கருப்பட்டி, பசித்தால் பேரீச்சை, உலர்ந்த திராட்சை. இனி பிள்ளைகளுக்குச் சொத்தை வராதுதானே? (வேதாரண்யம்)

வரும் அம்மா. வாயில் இருக்கும் கிருமிக்குச் சீனி, கருப்பட்டி, தேன் என்ற பேதமெல்லாம் கிடையாது. எவ்வளவு தின்றோம் என்பதைவிட எத்தனை தடவை தின்றோம் என்பதுதான் பல்லுக்குக் கணக்கு. ஒவ்வொரு தடவைக்கும் அரை மணி நேரமாவது வாயில் அமிலம் நிற்கும். பத்து திராட்சையைச் சாப்பாட்டோடு தின்றால் ஒரு தாக்குதல். ஒவ்வொன்றாகப் பகல் முழுக்கக் கொறித்தால் பத்து. அதுவும் பேரீச்சை கடைவாய்ப் பள்ளத்தில் அப்பிக்கொண்டு லேசில் இறங்காது. இடையில் பசித்தால் நிலக்கடலை, சுண்டல், மோர் கொடுங்கள்.

கே: பேஸ்ட் கெமிக்கல் என்று, ஆத்தா காலத்து உமிக்கரிக்கே திரும்பிவிட்டேன். பல் பளிச்சென்று இருக்கிறது. சரிதானே? (பாபநாசம்)

நெல் விளையும் ஊரில் உமிக்குப் பஞ்சமில்லை, வாஸ்தவம். ஆனால் நெல் உமியில் சிலிக்கா அதிகம், மணலில் இருக்கும் அதே சங்கதி. பித்தளைக் குடத்தை உமிச்சாம்பல் பளபளப்பாக்குவது அதனால்தான். பல்லிலும் அது கறையோடு சேர்த்து எனாமலையும் சுரண்டும். பளிச்சென்று இருந்தது சில வருஷத்தில் மஞ்சளாகும். உள்ளே இருக்கும் மஞ்சள் அடுக்கு எட்டிப் பார்க்கும். ஃப்ளோரைடு 1000 பி.பி.எம். (பத்து லட்சத்துக்கு ஆயிரம் பங்கு) இருக்கும் சாதாரண பேஸ்ட் போதும். துலக்கியபின் நுரையைத் துப்பினால் சரி, மடக் மடக்கென்று கொப்பளித்து மருந்தையெல்லாம் கழுவிவிடாதீர்கள். ராத்திரி துலக்குவதைத்தான் நம் ஆட்கள் விட்டுவிடுகிறார்கள். தூக்கத்தில் எச்சில் குறையும், காவல் இல்லாத நேரம் அது.

கே: நல்லெண்ணெய்க் கொப்பளிப்பு?

பிடித்தால் செய்யுங்கள், கெடுதலில்லை. விழுங்காதீர்கள். பிரஷ்ஷுக்குப் பதிலாகாது.

கே: பீடியை விட்டு எட்டு மாதம் ஆகிறது. வாய் நமநமவென்று இருப்பதால் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு மட்டும். புகையிலை தொடுவதில்லை. பாதகமில்லையே? (திருவையாறு)

பீடியை விட்டதற்கு முதலில் உங்கள் கையைக் கொடுங்கள், லேசான காரியமில்லை. கும்பகோணம் வெற்றிலையைக் குறை சொல்லிவிட்டு நான் இந்த ஊரில் இருக்க முடியாது. இலையோடு எனக்குச் சண்டையும் இல்லை. சண்டை பாக்கோடு. புகையிலை சேராத பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே சொல்லிவிட்டது. அதற்கு முன்பே இன்னொன்று வரும்: கன்னத்தின் உட்பக்கம் நார் நாராக இறுகி, வாய் திறப்பது குறைந்துகொண்டே போகும்.

இப்போதே பாருங்கள். ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் சேர்த்துச் செங்குத்தாக முன்பற்களுக்கு நடுவே வையுங்கள். மூன்றும் நுழைய வேண்டும். நுழையவில்லை என்றாலோ, ரசம் பட்டாலே வாய் எரிந்தாலோ, இந்த வாரமே பல் மருத்துவரைப் பாருங்கள். நமநமப்புக்கு ஏலக்காயோ கிராம்போ ஒன்று அடக்கிக்கொள்ளுங்கள். பாக்குக்குப் பதில் பான் மசாலா என்று மட்டும் போய்விடாதீர்கள்.

கே: சர்க்கரை இருக்கிறது. நன்றாகத் துலக்க ஆரம்பித்ததும் ஈறில் ரத்தம் வருகிறது. நிறுத்திவிடவா?

நிறுத்தாதீர்கள். மெதுவான பிரஷ்ஷால் தொடருங்கள். ஈறு வீங்கியிருப்பதால்தான் ரத்தம். இரண்டு வாரத்தில் நிற்காவிட்டால், பல்லில் படிந்து இறுகிய அழுக்கான காரையை எடுக்க வேண்டியிருக்கும். காரை எடுத்தால் பல் ஆடும் என்பது கட்டுக்கதை. சர்க்கரை ஏறினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரை அடங்காது. இரண்டு டாக்டரிடமும் இரண்டையும் சொல்லுங்கள்.

கே: டாக்டர், இவ்வளவு சொல்லிவிட்டீர்கள். பொங்கலுக்குக் கரும்பாவது கடிக்கலாமா? (மன்னார்குடி)

தாராளமாகக் கடி தம்பி. ஒரே உட்காரலில் கடித்து முடித்து, நன்றாக வாய் கொப்பளி. கேப் போட்ட பல்லும் வேர் சிகிச்சை செய்த பல்லும் இருக்கும் பக்கம் வேண்டாம். வருஷா வருஷம் காணும் பொங்கல் முடிந்த மறுநாள், கழன்ற கேப்பைக் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு என் வாசலில் நாலு பேராவது நிற்கிறார்கள்.