முகம்தான் கடினம்

அன்புள்ள ஐயா,

சீன ஞானி கன்பூசியஸைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். அரசன், தந்தை, கணவன், அண்ணன் என்று மேலே ஒருவரை வைத்து மற்றவரைப் பணியச் சொல்வது அடிமைத்தனம் இல்லையா? என் அப்பா ஊரில் தனியாக இருக்கிறார். மாதம் தவறாமல் 20,000 ரூபாய் அனுப்புகிறேன். சமைக்க ஆள் வைத்திருக்கிறேன். அப்படியும் அவருக்குக் குறைதான். ஒரு மகன் இதற்கு மேல் என்ன செய்ய வேண்டும்? பள்ளியில் நன்னெறி வகுப்பு வைத்தால் பயன் உண்டா? கன்பூசியஸை எந்த மொழிபெயர்ப்பில் தொடங்கலாம்?

எஸ்.

அன்புள்ள எஸ்,

பள்ளி வகுப்பை விடுங்கள். நீங்கள் சொன்ன நான்கோடு நட்பையும் சேர்த்து ஐந்து உறவுகளைப் பட்டியலிட்டவர், கன்பூசியஸின் வழியில் பின்னால் வந்த மென்சியஸ். தந்தைக்கும் மகனுக்கும் நடுவே அவர் வைத்த சொல் அன்பு. தந்தை தவறினால் மென்மையாக எடுத்துச் சொல் என்பது கன்பூசியஸின் வாக்கு. மகனைத் தந்தைக்குக் கீழே இறுக்கிக் கட்டியது அதற்கும் பின்னால் வந்த, ஹான் அரச வம்சத்துக் காலத்து அறிஞர்கள். படித்துப் பார்க்காமல் அடிமைத்தனம் என்று எழுதாதீர்கள்.

என்னை நிறுத்தியது அந்த 20,000 ரூபாய். கன்பூசியஸின் வாக்குகளைத் தொகுத்த நூலான 'லுன்யு'வின் 2ஆம் அத்தியாயத்தில் ஒரே கேள்வி நான்கு பேர் வாயிலிருந்து அடுத்தடுத்து வருகிறது: பெற்றோரைப் பேணுவது எப்படி? நால்வருக்கும் வேறு வேறு பதில். ஆளைப் பார்த்துப் பாடம் சொன்ன ஆசிரியர் அவர். அந்த நால்வரில் ஒருவரான சியோ என்ற சீடரிடம் சொல்கிறார்: இப்போதெல்லாம் சோறு போடுவதையே பேணுவது என்கிறார்கள், நாய்க்கும் குதிரைக்கும்கூடத்தான் போடுகிறோம், மரியாதை இல்லையென்றால் என்ன வேறுபாடு? 2,500 ஆண்டுகளுக்கு முன் சொன்னது. உங்கள் கடிதத்தை மறுபடி படியுங்கள். பணம் இருக்கிறது, சமையல்காரர் இருக்கிறார். அப்பா என்ன குறை சொல்கிறார் என்று ஒரு வரி இருக்கிறதா? கேட்டீர்களா?

இன்னொரு சீடர் சிசியாவுக்குச் சொன்ன பதில் இன்னும் கடுமையானது. மூலத்தில் இரண்டே எழுத்துகள்: முகம் கடினம். வேலை இருந்தால் இளையவன் செய்துவிடுகிறான், உணவு இருந்தால் பெரியவருக்கு முதலில் வைத்துவிடுகிறான். அதெல்லாம் எளிது. அப்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்கிறான்?

இதை நான் முப்பது வயதில் படித்து, அழகான வரி என்று அடிக்கோடிட்டேன். அம்மா படுத்த பிறகுதான் புரிந்தது. எட்டு மாதம், தினமும் காலையில் நான்தான் கஞ்சி கொடுத்தேன். ஒருநாளும் தவறவில்லை. அதில் எனக்குப் பெருமை இருந்தது. ஒரு வாய்க்கும் அடுத்த வாய்க்கும் இடையே சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பேன். எட்டரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். ஒரு கட்டத்தில் அம்மா நாலைந்து கரண்டியோடு 'போதும்பா, பசிக்கவில்லை' என்று தலையைத் திருப்பிக்கொள்ள ஆரம்பித்தாள். நோய் பசியைத் தின்றுவிட்டது என்று மருத்துவரிடம்கூடச் சொன்னேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்து ஊட்டினாள். அம்மா கிண்ணம் முழுவதும் குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் இருக்கிறதா என்று கேட்டாள். நான் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

தம்பி, மொழிபெயர்ப்பைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம். இந்த மாதப் பணத்தை அனுப்பாதீர்கள். நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள், இரண்டு நாள் இருந்துவிட்டு வாருங்கள்.