அப்பாவோட பேப்பரை மட்டும் தள்ளிப்போடுறேன், நான் சோம்பேறியா?

கேள்வி: வயசு 31, தனியார் கம்பெனில வேலை. அப்பா தவறி ரெண்டு வருஷம் ஆகப்போகுது. வாரிசு சான்றிதழ் வாங்கணும், பேங்க் பணம் எடுக்கணும், பட்டா பேர் மாத்தணும். எல்லா பேப்பரும் பீரோ மேல ஒரு மஞ்சப்பைல இருக்கு, ஒண்ணும் பண்ணல. ஆபீஸ் வேலை எதையும் லேட் பண்ணதில்ல. அம்மா இதைக் கேட்டா மட்டும் எரிஞ்சு விழுறேன்.

பதில்: இல்ல தம்பி, நீங்க சோம்பேறி கிடையாது. சோம்பேறியா இருந்தா வேலையை விட்டுட்டு நிம்மதியா தூங்குவீங்க, நீங்க அந்தப் பையைப் பார்க்கிறப்பல்லாம் புழுங்கிட்டு இருக்கீங்க. ஆபீஸ் வேலையெல்லாம் டைமுக்கு முடிக்கிறவருக்கு டைம் டேபிள் போட்டுக் குடுத்து என்ன ஆகப்போகுது?

தள்ளிப்போடுறதுக்குப் பின்னாடி பெரும்பாலும் இருக்கிறது நேரப் பிரச்சினை இல்ல, அந்த வேலை கிளப்பிவிடுற உணர்ச்சிதான். ஃபுஷியா சிரோய்ஸ், டிமோத்தி பிச்சில்னு ரெண்டு உளவியலாளர்கள் 2013ல எழுதின கட்டுரைல இதைத்தான் சொன்னாங்க, இப்போதைக்கு மனசு லேசாகணும்னு நாளைக்கு வர்ற கஷ்டத்தை நாமளே வாங்கிக்கிறோம். உங்க விஷயத்துல பாருங்க, பையைத் திறந்தா முதல்ல கைல வர்றது இறப்பு சான்றிதழ், அதுல அப்பா பேர், தேதி, அடுத்து அவர் கையெழுத்து போட்ட பாஸ்புக், தொண்டை அடைக்குது, பையை மூடி மேல வெச்சிடுறீங்க, உடனே ஒரு நிம்மதி. அந்த நிம்மதிதான் வினை. தள்ளிப்போட்டா வலி குறையும்னு மூளை அதுல இருந்து கத்துக்குது, அடுத்த தடவை துக்கத்தோட குற்ற உணர்ச்சியும் சேர்ந்து வரும், அதனாலதான் அம்மா மேல பாயறீங்க, பாவம் அவங்களும் புருஷனை இழந்தவங்கதானே.

இதுக்கு விலை இருக்கு. டைஸ், பௌமெய்ஸ்டர்னு ரெண்டு உளவியலாளர்கள் 1997ல வெளியிட்ட ஆய்வுல, தள்ளிப்போடுற காலேஜ் பசங்க செமஸ்டர் ஆரம்பத்துல மத்தவங்களை விட ஜாலியா இருந்தாங்க, கடைசில அவங்களுக்குத்தான் டென்ஷனும் உடம்பு முடியாம போறதும் அதிகம், மார்க்கும் கம்மி. பண விஷயத்துல, ரெண்டு வருஷம் வரவு செலவு இல்லாத கணக்கு செயல்படாத கணக்கா மாறிடும், 10 வருஷம் யாரும் கேக்கலைன்னா பணம் ரிசர்வ் பேங்கோட ஒரு நிதிக்குப் போயிடும். போனாலும் வாரிசுங்க கேட்டு வாங்கலாம், பயப்படாதீங்க, அலைச்சல்தான் கூடும்.

முதல்ல உங்களைத் திட்டிக்கிறதை நிறுத்துங்க. இதை ஆறுதலுக்காக சொல்லல. கனடாவோட கார்ல்டன் பல்கலைக்கழகத்துல 2010ல வந்த ஆய்வுல, முதல் பரீட்சைக்குப் படிக்காம தள்ளிப்போட்டதுக்காகத் தங்களை மன்னிச்சுக்கிட்ட பசங்கதான் அடுத்த பரீட்சைக்குக் கம்மியா தள்ளிப்போட்டாங்க.

அடுத்து, "இந்த ஞாயித்துக்கிழமை எல்லாத்தையும் முடிச்சிடணும்"னு கிளம்பாதீங்க, அப்படிக் கிளம்பினா பை மறுபடி பீரோ மேலதான் போகும். சனிக்கிழமை காலைல காபி குடிச்சதும் அம்மாவையோ மாமாவையோ பக்கத்துல உக்கார வெச்சு பாஸ்புக்கை மட்டும் எடுங்க, நாமினி பேர் இருக்கான்னு மட்டும் பாருங்க. எப்போ, எதுக்கு அப்புறம், என்ன செய்யப்போறோம்னு இவ்வளவு குறிப்பா முடிவு பண்ணா செஞ்சு முடிக்கிற வாய்ப்பு நல்லாவே கூடும். அழுகை வந்தா அழுங்க, அதுக்காகத்தான் கூட ஒருத்தர் இருக்கணும்னு சொல்றேன்.

அம்மா பேர் நாமினியா இருந்தா பெரும்பாலும் வாரிசு சான்றிதழ் இல்லாமலேயே பேங்க் வேலை முடிஞ்சிடும், இறப்பு சான்றிதழும் அவங்க அடையாள ஆவணமும் போதும். வாரிசு சான்றிதழுக்கு இ-சேவை மையத்துல விண்ணப்பிக்கலாம், விஏஓவும் ஆர்ஐயும் (வருவாய் ஆய்வாளர்) விசாரிச்சு தாசில்தார் குடுப்பாரு. பட்டா அதுக்கப்புறம்தான், இப்போ அதை நினைக்கவே வேண்டாம்.

சின்ன வயசுல இருந்து எல்லா வேலையும் இப்படித்தான் இழுக்குதுன்னா கவனக்குறைபாடு இருக்கான்னு டாக்டர்கிட்ட பார்க்கணும், உங்களுக்கு அப்படித் தெரியல. ஆனா தூக்கம், சாப்பாடு கெட்டுப்போயிருந்தா, அப்பா நினைப்புல இருந்து மீளவே முடியலைன்னா, 14416க்கு கூப்பிடுங்க, அரசோட டெலி மனாஸ்ங்கிற மனநல உதவி எண் அது, காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம். அம்மாவுக்கும் அந்த நம்பரைக் குடுங்க.