ரசனை இல்லையா, இரண்டாவது காட்சி இல்லையா?

கேள்வி: சென்னையில் இலக்கியக் கூட்டத்துக்கு எழுத்தாளர்களே வருகிறார்கள், நாடகத்துக்கு நாடகக்காரர்களே வருகிறார்கள். 'இந்த ஊருக்கு ரசனை கிடையாது' என்று ஒரு நாடக இயக்குநர் மேடையிலேயே குறைபட்டுக்கொண்டார். ஒப்புக்கொள்கிறீர்களா? நம் எழுத்தாளர்கள் ஏன் நாடகம் எழுதுவதில்லை?

(வாசகி, அம்பத்தூர்)

பதில்: ஒப்புக்கொள்ளவில்லை. ஜனவரியில் புத்தகக் காட்சிக்குள் நுழைந்து, கூட்டத்தில் இடிபடாமல் வெளியே வந்தவர் யாராவது இருந்தால் ரசனையைப் பற்றிப் பேசலாம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு, கனமான பைகளோடு பஸ் ஏறுகிற ஜனங்கள் இதே ஊர்க்காரர்கள்தான்.

நாடகக்காரர்கள் அவர்களை எப்படி அழைக்கிறார்கள் என்று பாருங்கள். அழைப்பிதழ் காலையில் வாட்ஸ்அப்பில் வருகிறது. மாலை ஆறரைக்கு நாடகம். போனால் சிறப்பு விருந்தினர் இன்னும் வந்து சேரவில்லை. ஏழே காலுக்கு வரவேற்புரை, பொன்னாடை, இன்னொரு பொன்னாடை. திரை விலகும்போது தாம்பரத்திலிருந்து வந்தவர் கடைசி பஸ்ஸைக் கணக்குப் போடத் தொடங்கியிருப்பார். சில சமயம் நாடகம் நன்றாகவே இருக்கும், அதுதான் வயிற்றெரிச்சல். மறுநாள் அவர் அலுவலகத்தில் நாலு பேரிடம் சொல்கிறார். 'மறுபடி எப்போது?' என்று அவர்கள் கேட்டால் பதில் கிடையாது. மூன்று மாத ஒத்திகை, ஒரே மாலையோடு தீர்ந்துவிட்டது. கேள்விப்பட்டு வருகிறவர்தான் புதுப் பார்வையாளர். அவர் வருவதற்குள் கடையைக் கட்டிவிட்டு, ரசனை இல்லை என்றால் எப்படி?

சபா நாடகங்களைக் கேலி செய்வது நவீன நாடகக்காரர்களுக்குப் பழைய பொழுதுபோக்கு. சோபா செட், தொலைபேசி, நிமிடத்துக்கொரு துணுக்கு. எனக்கும் அவற்றில் பெரிய மோகம் கிடையாது. ஆனால் அவர்களிடம் ஓர் ஏற்பாடு இருந்தது. சபா உறுப்பினர் ஆண்டுச் சந்தா கட்டினார், செயலாளர் நாடகத்தைக் காசு கொடுத்து வாங்கினார், மயிலாப்பூரில் போட்ட நாடகம் அடுத்த வாரம் தியாகராய நகருக்குப் போயிற்று, பிறகு திருவல்லிக்கேணிக்கு. பத்தாவது காட்சியில் நடிகருக்கு எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்துவிடும். ஒரே காட்சியோடு நிற்கும் நாடகம், நம்மிடம் காட்டுவது கடைசி ஒத்திகையை.

எழுத்தாளர்களைப் பற்றிக் கேட்டீர்கள். நடிகர் எஸ்.வி. சகஸ்ரநாமத்தின் 'சேவா ஸ்டேஜ்' நாடகக் குழுவுக்கு பி.எஸ். ராமையா நாடகம் எழுதினார், தி. ஜானகிராமன் எழுதினார். அன்று முழுநேரக் குழு இருந்தது, எழுதினால் மேடையேறும் என்ற நம்பிக்கை இருந்தது. அங்கிருந்து வந்த நாடகாசிரியர் கோமல் சுவாமிநாதன் 1990களில் 'சுபமங்களா' இலக்கிய இதழின் ஆசிரியரானபோது, பத்திரிகையோடு நிற்காமல் நாடக விழாக்களும் நடத்தினார். ந. முத்துசாமி சிறுகதைக்காரர், 1977இல் கூத்துப்பட்டறை என்ற நவீன நாடகக் குழுவைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர். அடுத்த ஆண்டு 'பரீக்ஷா' நாடகக் குழுவைத் தொடங்கிய ஞாநி பத்திரிகையாளர். எழுத்தும் மேடையும் இந்த ஊரில் ஒரே வீட்டில்தான் குடியிருந்தன. நாடகம் போடப் போலீஸ் அனுமதி கேட்கச் சொன்ன 1954ஆம் ஆண்டு நாடகச் சட்டத்தை எதிர்த்து நீதிமன்றத்துக்குப் போனவரும் ஞாநிதான். 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகள் செல்லாது என்றது. அந்த வெற்றியின் பலனை அனுபவிக்கிற குழுக்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்பது வேறு கதை.

அரங்க வாடகை கட்டுப்படியாகவில்லை என்பார்கள். உண்மைதான். நடிகர்கள் பகலில் வேலைக்குப் போகிறவர்கள் என்பதும் உண்மை. அதற்காக ஆயிரம் இருக்கை அரங்கத்தில் ஒரு நாள் போட்டுக் கடனாளியாக வேண்டுமா? அறுபது நாற்காலி போடக்கூடிய கூடம் ஒன்று, ஒரு மாதத்துச் சனிக்கிழமைகள், சொன்ன நேரத்துக்குத் தொடக்கம், எல்லோருக்கும் டிக்கெட். 'எல்லோருக்கும்' என்பதில் நண்பர்கள், விமர்சகர்கள், பத்திரிகை ஆசிரியர்கள் அடக்கம். இலவசப் பாஸில் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்து கைப்பேசி பார்க்கிற பெருமக்களை நானும் பார்த்திருக்கிறேன்; அவர்களில் பாதிப்பேர் எங்கள் தொழில்காரர்கள்.

இன்று ஒரு எழுத்தாளர் ஆறு மாதம் உட்கார்ந்து நாடகம் எழுதினால், அதை அச்சிடப் பதிப்பாளர் தயங்குவார். மேடையேறினால் ஒரு மாலை. ஊதியம் ஒரு பொன்னாடை. அதே உழைப்பில் நாலு சிறுகதை எழுதலாம், சினிமாவுக்கு வசனம் எழுதினால் வீட்டு வாடகையும் கட்டலாம். அவர்கள் நாடகம் எழுதவில்லை என்று நான் குறைசொல்ல மாட்டேன்.