மலை மேல் ரிப்பீட்டரில் புதிதாகப் பேசுபவர் கவனிக்க வேண்டியவை

கேள்வி: தேனி மாவட்டம் கம்பத்தில் இருக்கிறேன். ஹாம் (அமெச்சூர் வானொலி) லைசென்ஸ் புதுசு. கேரளப் பக்கத்து மலை ரிப்பீட்டர் (நம் சிக்னலை வாங்கித் திரும்ப ஒலிபரப்பும் நிலையம்) நன்றாகக் கேட்கிறது. நான் பேசினால் முதல் சொல் விழுங்கிப் போகிறது, சில நேரம் பதிலே இல்லை. ஏன்?

பதில்: பதிலே வராததற்குப் பெரும்பாலும் ஆஃப்செட்டோ (கேட்கும், அனுப்பும் அலைவரிசைகளுக்கு இடையிலான வித்தியாசம்) டோனோதான் காரணம். ரிப்பீட்டர் 145.650 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பினால், மைனஸ் 600 கிலோஹெர்ட்ஸ் கணக்கில் நீங்கள் 145.050-ல் அனுப்ப வேண்டும். சிடிசிஎஸ்எஸ் டோன் (ரிப்பீட்டரைத் திறக்கக் குரலோடு சேர்ந்து போகும் மெல்லிய தொனி) தவறினால் ரிப்பீட்டர் திறக்காது.

முதல் சொல் விழுவது வேறு கதை. டோனை அடையாளம் கண்டு திறக்க ரிப்பீட்டருக்குச் சற்று நேரம் வேண்டும். பிடிடியை (பேசும் பொத்தானை) அழுத்தி ஒரு விநாடி கழித்து வாயைத் திறங்கள்.

குரல் கரகரத்தால் ஆண்டெனாவைச் செங்குத்தாகப் பிடித்து நாலடி நகர்ந்து பாருங்கள். மலையடிவாரத்தில் அந்த நாலடியே போதும். ரிப்பீட்டர் பலமாகக் கேட்பதால் உங்கள் 5 வாட் அங்கே எட்டும் என்று அர்த்தமில்லை. அதன் சக்தி அதிகம், ஆண்டெனாவும் உயரத்தில்.

பேசும் முன் அரை நிமிடமாவது கேளுங்கள். அழைப்புக்குறி (கால்சைன்) சொல்லாமல் பிடிடியைத் தட்டித் தட்டிச் சோதிப்பது எல்லோருக்கும் எரிச்சல். ஒருவர் முடித்ததும் இரண்டு விநாடி இடைவெளி விடுங்கள்: மழைக்காலத்தில் மலைப்பாதை மண்சரிவை அறிவிக்க யாராவது காத்திருக்கலாம். நீளமாகப் பேசினால் ரிப்பீட்டரின் டைம்அவுட் டைமர் (நேர வரம்பு) நடுவிலேயே வெட்டிவிடும்.

எதிராளி பக்கத்து ஊரா? ரிவர்ஸ் பொத்தானை அழுத்தி, அவர் ரிப்பீட்டருக்கு அனுப்பும் அலைவரிசையிலேயே கேளுங்கள். அவர் குரல் நேரடியாகவே கேட்டால் சிம்ப்ளெக்ஸுக்கு (ரிப்பீட்டர் இல்லாத நேரடிப் பேச்சுக்கு) மாறிவிடுங்கள். தமிழோ மலையாளமோ, அழைப்புக்குறியை மட்டும் எழுத்தெழுத்தாகத் தெளிவாகச் சொல்லுங்கள்.