மகளின் படம் பரவிவிட்டால்: டீச்சரிடம் கேளுங்கள்

கேள்வி (மஸ்கெலியா, ஒரு தாய்): சாதாரண தரம் படிக்கும் என் மகளின் முகத்தை வேறொரு உடலோடு ஒட்டி வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். அவளுடைய அப்பா கைபேசியைப் பறித்து வைத்துவிட்டார். அது சரிதானே டீச்சர்?

பதில்: சரியில்லை அக்கா. தவறு செய்தவனின் கைபேசி அவனிடமே இருக்கிறது. உங்கள் மகளுக்கு மட்டும் தண்டனை. நாளை இதைவிட மோசமாக ஏதும் நடந்தாலும் அவள் வாய் திறக்கமாட்டாள். முதலில் கைபேசியைத் திருப்பிக் கொடுங்கள். அனுப்பிய எண், குழுவின் பெயர், நாள், நேரம் எல்லாவற்றையும் குறித்து வையுங்கள். படத்தைச் சாட்சிக்காகக்கூட யாருக்கும் அனுப்பாதீர்கள். பிறகு 1929ஐ அழையுங்கள். அது தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம்; தமிழில் பேசலாம்.

கேள்வி (அப்புத்தளை, மாணவி): படத்தை நீக்க வழி உண்டா?

பதில்: உண்டு, மகள். 18 வயதுக்கு முன் எடுத்த அந்தரங்கப் படங்களுக்கு ‘டேக் இட் டவுன்’ என்ற இலவசச் சேவை இருக்கிறது. பெயர் சொல்லத் தேவையில்லை. படமும் உங்கள் கைபேசியைவிட்டு வெளியே போகாது. ஆனால் வாட்ஸ்அப் உரையாடலுக்குள் போனதை அதனால் பிடிக்க முடியாது.

கேள்வி (ஹட்டன், ஆசிரியர்): 2024இல் இணையத்தில் நடக்கும் தீங்குகளுக்கு எதிரான நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்துவிட்டதே, இன்னும் என்ன வேண்டும்?

பதில்: சட்டம் காயத்துக்குப் பிறகுதான் வருகிறது, சேர். அதுவும், படத்தைப் பரப்பியவன் பெரும்பாலும் அதே வகுப்புப் பையன். பதினைந்து வயதுப் பிள்ளைகள் இருவரை நீதிமன்றத்தில் நிறுத்துவதா நம் கொள்கை? ஒவ்வொரு பாடசாலையிலும் எழுதிவைத்த நடைமுறை வேண்டும்: பிள்ளை எந்த ஆசிரியையிடம் சொல்லலாம், எத்தனை நாளில் பதில் கிடைக்கும், வீட்டுக்கு யார், எப்படிச் சொல்வார்கள் என்று. சக மாணவரைத் துன்புறுத்துவதைத் தடுக்கும் பின்லாந்தின் ‘கிவா’ திட்டம், பார்த்துக்கொண்டிருக்கும் மாணவர்களையே பாதிக்கப்பட்டவருக்குத் துணைநிற்கப் பழக்குகிறது. குழுவில் நாற்பது பேர் பார்த்தார்கள் என்றால், அந்த நாற்பது பேரிடமும் நாம் பேசியிருக்க வேண்டும்.

கேள்வி (பதுளை): அவுஸ்திரேலியாபோல் 16 வயதுக்குட்பட்டோருக்குச் சமூக ஊடகத் தடை போட்டால்?

பதில்: அங்கே 2025 டிசம்பரில் தொடங்கிய தடைக்குள் வாட்ஸ்அப் வரவில்லை. நம் தோட்டத்து லயத்து வீடுகளில் ஒரே கைபேசியை வீடு முழுவதும் பாவிக்கிறது. கணக்கு மாமாவின் பெயரில் இருக்கும். வயதைச் சோதித்தால் மாமாவின் வயதுதான் தெரியும்.

கேள்வி (தலவாக்கலை): பொலிஸில் முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதிக் கையெழுத்துக் கேட்கிறார்கள்.

பதில்: விளங்காத தாளில் கையெழுத்திட வேண்டாம். தமிழில் எழுதும்படி கேளுங்கள், அது உங்கள் உரிமை. தனியாகப் போகாமல் பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரையும் அழைத்துச் செல்லுங்கள்.